வறுத்தாலும் போகாது

“நல்லா வறுத்துட்டா எல்லாம் போயிடும்.” நிலக்கடலையில் மக்கல் வாடை அடிக்கும்போதும், மிளகாய் வற்றலின் காம்படியில் சாம்பல் பூத்திருக்கும்போதும், மழையில் நனைந்த மூட்டையைப் பிரித்து மக்காச்சோளத்தை வெயிலில் பரப்பும்போதும் நம் காதில் விழும் வாக்கியம் இது. விவரம் தெரியாதவர்கள் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. உணவுத் தொழிலில் இருப்பவர்கள் இதையே “பிராசஸிங்ல அடிபட்டுடும்” என்கிறார்கள். பால் பாக்கெட்டில் பாஸ்ச்சரைஸ் செய்யப்பட்டது என்று படித்ததும் நமக்கு வரும் நிம்மதியும் இதே சரக்குதான். இயற்கை உணவுக்காரர்களோ “மரச்செக்குல ஆட்டினது, அதுல என்ன நஞ்சு இருக்கப்போகுது?” என்று கேட்கிறார்கள். இந்த மூன்று தரப்பும் மற்ற எல்லா விஷயத்திலும் சண்டை போடுபவை. இதில் மட்டும் ஒரே கட்சி. வயலுக்கும் வாய்க்கும் நடுவில், ஏதோ ஒரு பக்குவத்தில், பூஞ்சை விட்டுப்போன நஞ்சு தானாகக் கழிந்துவிடும் என்பது மூவருக்கும் பொதுவான நம்பிக்கை.

அந்த நம்பிக்கை ஆட்களைக் கொன்றிருக்கிறது. இன்றும் மெதுவாகக் கொன்றுகொண்டிருக்கிறது. அதனால்தான் இதைச் சமையலறைச் சில்லறை விவாதமாக விட்டுவிட எனக்கு மனமில்லை.

நெருப்பின் மேல் நமக்குள்ள மரியாதைக்குக் காரணம் உண்டு. காலராவையும் டைபாய்டையும் கொதித்த தண்ணீர் தடுத்திருக்கிறது. காய்ச்சிய பால் குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது. உயிருள்ள கிருமிக்கு எதிராக அடுப்பு நல்ல ஆயுதம். பூஞ்சையும் உயிருள்ள பொருள்தான். பெரும்பாலான பூஞ்சைகள் ஈரச்சூட்டில் 70 டிகிரிக்குள் செத்துவிடும். பிரச்சினை, சாவதற்கு முன் அது உணவுக்குள் கக்கிவிட்டுப் போன பொருள். அது உயிரில்லாத வேதிச்சேர்மம். பாம்பை அடித்துக் கொன்றுவிட்டால் கடிபட்டவன் உடம்பில் ஏறிய விஷம் இறங்கிவிடுமா?

நம் ஊருக்கு மிக நெருக்கமான நஞ்சையே எடுத்துக்கொள்வோம்: அஃப்ளாடாக்சின். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ், ஆஸ்பெர்ஜில்லஸ் பாரசிட்டிகஸ் என்ற இரண்டு பூஞ்சைகள்தான் இதைப் பெரும்பாலும் உண்டாக்குகின்றன. நிலக்கடலை, மக்காச்சோளம், கொப்பரை, மிளகாய், பருத்திக்கொட்டை எல்லாம் அவற்றுக்குப் பிடித்த வீடுகள். இவ்வகை நஞ்சுகளில் மிகக் கொடியது அஃப்ளாடாக்சின் பி1. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அஃப்ளாடாக்சின்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது. தூய நிலையில் பி1 உருகிச் சிதைவது ஏறத்தாழ 268 டிகிரியில். தண்ணீர் கொதிப்பது 100-ல். குக்கருக்குள் 120-ஐ ஒட்டி நிற்கும். பஜ்ஜி எண்ணெய் 180. அதிலும் அந்த 180 எண்ணெயின் சூடுதான். கடலைக்குள் ஈரம் இருக்கும்வரை அதன் உட்பகுதி நூறைத் தாண்டவே திணறும். கருகிப்போய்ச் சாப்பிடவே லாயக்கில்லாத நிலைக்கு முன்னால் எந்த வாணலியும் அந்த நஞ்சை முழுதாக அழிக்காது.

இந்த எண்களை நம்பாதவர்கள் வரலாற்றைப் பார்க்கலாம். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. காரணம் தெரியாததால் நோய்க்கு ‘எக்ஸ்’ என்றே பெயர் வைத்தார்கள். கடைசியில் தடம் போய் நின்றது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில். எண்ணெய் ஆலையின் அத்தனை அழுத்தத்தையும் தாண்டி வந்த புண்ணாக்கு அது. அஃப்ளாடாக்சின் என்ற பொருளே அந்தப் புண்ணாக்கைத் துருவியபோதுதான் உலகுக்குத் தெரிந்தது.

1974-ல் நம் நாட்டிலேயே நடந்தது. குஜராத்தின் பஞ்சமகால், அதை ஒட்டிய ராஜஸ்தானின் பான்ஸ்வாரா. அறுவடை நேரத்தில் பருவம் தப்பிய மழை. நனைந்த மக்காச்சோளத்தை அரைகுறையாகக் காயவைத்துச் சேமித்தார்கள் பழங்குடி மக்கள். அவர்களுக்கு வேறு தானியம் கிடையாது. மஞ்சள் காமாலை கண்டு, வயிற்றில் நீர் கோத்து, சுமார் நானூறு பேர் படுத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே சோற்றை உண்ட நாய்களுக்கும் அதே கதி. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்து ஆய்வாளர்கள் போய்ப் பார்த்து எழுதிய அறிக்கைகள் இன்றும் உலகெங்கும் பாடமாகப் படிக்கப்படுகின்றன. நம் பாடப்புத்தகத்தில் இல்லை என்பது வேறு விஷயம். 2004-ல் கென்யாவின் கிழக்குப் பகுதியில் இதே மக்காச்சோளம், இதே ஈரம். 317 பேருக்கு நோய், 125 பேர் சாவு.

இவர்களில் யாரும் சோளத்தைப் பச்சையாக மென்று சாகவில்லை. ரொட்டி சுட்டும் களி கிண்டியும், அடுப்பில் வெந்ததைத்தான் சாப்பிட்டார்கள். “சமைத்தால் போய்விடும்” என்று சொல்பவர்கள் இந்த ஒரு செய்திக்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

அவர்களிடம் ஒரு பதில் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். வறுத்தால் நஞ்சு குறைவதாகப் பல ஆய்வுகள் உண்டு. பாதி குறையலாம், சூடும் நேரமும் கூடினால் அதற்கு மேலும் குறையலாம். கொரியாவில் அரிசியை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், சாதாரணமாகப் பொங்கியபோது பி1 மூன்றில் ஒரு பங்களவு குறைந்தது. பிரஷர் குக்கரில் முக்கால் பங்குக்கும் மேல் குறைந்தது. ஈரமும் அழுத்தமும் சேர்ந்தால் அந்த மூலக்கூறு கொஞ்சம் நெகிழ்கிறது, உண்மை. வெறும் சூட்டைவிட நீரோடு கூடிய சூடு மேல்.

ஆனால் “குறைகிறது” என்ற சொல்லை “போய்விடுகிறது” என்று மாற்றிப் படிப்பதில்தான் மோசடி இருக்கிறது. எதில் பாதி? இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு, நேரடியாக உண்ணும் கொட்டைகளில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். ஐரோப்பாவில் அதே கடலைக்கு மொத்த வரம்பு 4, அதில் பி1 மட்டும் 2. இனி அடுத்த எண்ணைப் பாருங்கள். மோசமாகத் தாக்கப்பட்ட ஒற்றைக் கடலைமணியில் கிலோவுக்குப் பத்து லட்சம் மைக்ரோகிராம் என்ற விகிதத்தில் நஞ்சு இருந்ததை 1960-களிலேயே அளந்திருக்கிறார்கள். அரை கிராம் எடையுள்ள அப்படி ஒரு மணி, ஐம்பது கிலோ மூட்டை முழுவதையும் வரம்பின் விளிம்புக்குக் கொண்டுபோகப் போதும். நன்றாக வறுத்துப் பாதியாக்கினாலும் இருபத்தைந்து கிலோவுக்குப் போதும். மூட்டை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியிருக்கும் அழுக்கைத்தான் சூடு குறைக்க முடியும் என்று நினைக்கிறோம். நஞ்சோ அப்படிப் பரவுவதே இல்லை. சில மணிகளில் குவிந்து கிடக்கிறது. ஆயிரம் மணி சுத்தம், ஒன்று கொலைகாரன். இந்த வடிவப் பிரச்சினைக்குச் சூடு சரியான கருவியே இல்லை. கண்ணும் கையும்தான் கருவி. பிறகு அதற்கு வருகிறேன்.

குறைந்ததாகக் கணக்கு காட்டும் நஞ்சும் உண்மையிலேயே அழிந்ததா என்பது அடுத்த கேள்வி. மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்து டார்ட்டியா சுடுவது ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழக்கம். காரத்தில் அஃப்ளாடாக்சினின் லாக்டோன் வளையம் திறந்துகொள்கிறது. சோதனையில் பார்த்தால் நஞ்சு பெரும்பகுதி காணாமல் போயிருக்கும். பாரம்பரிய அறிவின் வெற்றி என்று பலரும் எழுதினார்கள். 1980-களில் ஒரு ஆய்வுக்குழு அந்த மாவை இரைப்பையில் உள்ளது போன்ற அமிலத்தில் போட்டுப் பார்த்தது. திறந்த வளையத்தில் கணிசமான பங்கு மறுபடி மூடிக்கொண்டது. காணாமல் போனது திரும்பி வந்துவிட்டது. பியரிலும் இதற்கு ஒரு பங்காளி உண்டு. வாற்கோதுமையில் வளரும் ஃபியூசேரியம் பூஞ்சையின் டியாக்ஸிநிவாலெனால் என்ற நஞ்சை அந்தச் செடியே ஒரு சர்க்கரை மூலக்கூறோடு கட்டி வைத்துக்கொள்கிறது. வழக்கமான சோதனை அதைக் கண்டுபிடிக்காது. முளைகட்டி, வேகவைத்து, புளிக்கவைத்து, பாட்டிலில் அடைத்த பிறகும் அது அங்கேயே இருக்கிறது. குடித்தவர் குடலில் சர்க்கரை கழன்றால் பழைய நஞ்சு பழையபடி. “டெஸ்ட்ல வரல” என்பதும் “இல்லை” என்பதும் ஒன்றல்ல.

சரி, எதுவுமே இதை உடைக்காதா? உடைக்கும். அந்தப் பட்டியலைப் பார்த்தால்தான் பொதுநம்பிக்கை எவ்வளவு தலைகீழாக இருக்கிறது என்பது தெரியும். நாம் நம்புபவை பெரும்பாலும் வேலை செய்வதில்லை. வேலை செய்பவற்றை நாம் நம்புவதில்லை, அல்லது வேறு காரணத்துக்காகச் செய்துவருகிறோம்.

அம்மோனியா உடைக்கும். அழுத்தத்திலும் சூட்டிலும் அம்மோனியாவோடு சேர்த்து வைத்தால் பி1-இன் வளையம் திறப்பதோடு நிற்காமல் ஒரு துண்டையும் இழக்கிறது. பிறகு மூடிக்கொள்ள வழியில்லை. செனகலின் கடலைப் புண்ணாக்கையும் அமெரிக்காவின் பருத்திக்கொட்டையையும் இப்படிச் சுத்தம் செய்து மாட்டுக்குப் போட்டார்கள். மனிதர் உண்ணும் பொருளுக்கு இந்த வேலை ஆகாது. ஐரோப்பிய ஒன்றியம் உணவிலிருந்து பூஞ்சை நஞ்சை வேதிப்பொருளால் நீக்குவதையே தடை செய்திருக்கிறது. கெட்ட சரக்கை நல்ல சரக்கோடு கலந்து வரம்புக்குள் கொண்டுவருவதற்கும் அங்கே தடை. நம் மண்டிகளில் அந்தக் கலப்புக்கு ‘சராசரி பார்ப்பது’ என்று கௌரவமான பெயர்கூட வைத்துவிடலாம்.

காரம் உடைக்கும், அதுவும் எண்ணெயில் நன்றாகவே. சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயோடு காஸ்டிக் சோடா சேர்ப்பது அதன் புளிப்பை எடுக்க. களிமண்ணில் வடிப்பது நிறத்தை எடுக்க. நஞ்சைப் பற்றி யாரும் யோசித்துச் செய்ததல்ல. ஆனால் அந்தக் காரம் அஃப்ளாடாக்சினைத் திறந்து உப்பாக்கி சோப்புக் கசடோடும் கழுவும் நீரோடும் வெளியே தள்ளிவிடுகிறது. மிச்சத்தை வெளுக்கும் மண் பிடித்துக்கொள்கிறது. ரீஃபைண்ட் கடலை எண்ணெயில் இந்த நஞ்சு கிட்டத்தட்ட இருக்காது. இதைச் சொன்னதும் என்னை எண்ணெய் ஆலைகளின் ஆள் என்பார்கள். ரீஃபைண்ட் எண்ணெயின் மற்ற குணதோஷங்கள் தனி வழக்கு. இந்த வழக்கில் அது குற்றவாளி இல்லை.

மரச்செக்குக்கு வருவோம். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டின் ஒவ்வொரு சிற்றூரிலும் செக்குக் கடை திரும்பி வந்திருப்பது எனக்கு மகிழ்ச்சிதான். உள்ளூரில் விளைந்த மல்லாட்டைக்கு உள்ளூரிலேயே விலை கிடைக்கிறது. வாசனையும் ருசியும் வேறு எதிலும் இல்லை. ஆனால் அந்தக் கடைகளின் பலகையில் எழுதியிருக்கும் பெருமையைக் கவனியுங்கள்: சூடேறாமல் ஆட்டியது, வேதிப்பொருள் சேராதது, கடலையில் இருந்தது எதுவும் வீணாகாதது. இந்த மூன்றும் உண்மை. உண்மையாக இருப்பதால்தான் கடலையில் நஞ்சு இருந்தால் அதுவும் வீணாகாது. சூடு இல்லை, காரம் இல்லை, களிமண் இல்லை. கடலையில் உள்ள அஃப்ளாடாக்சினில் ஒரு சிறு பங்கு எண்ணெயோடும், எண்ணெயில் மிதக்கும் சக்கைத் துகளோடும் வந்துசேரும். நல்ல கடலை போட்டால் நல்ல எண்ணெய். சொத்தைக் கடலை போட்டால் நஞ்செண்ணெய். எண்ணெய்க்கு எந்தக் கடலை போகிறது என்று கடலை வியாபாரம் தெரிந்தவர்களைக் கேளுங்கள். விதைக்கு எடுத்தது, தின்பதற்கு எடுத்தது, ஏற்றுமதிக்கு எடுத்தது எல்லாம் போக, சூம்பலும் உடைசலும் நிறம் மங்கியதும் போய்ச்சேரும் இடம் எண்ணெய் ஆட்டும் இடம்தான். நேர்மையான செக்குக்காரர் இப்படிச் செய்வதில்லை. ஆனால் அவரை நேர்மையாக்குவது அவர் பொறுக்கிப் போடும் கடலை. வாகை மரத்தில் செய்த உலக்கை அல்ல.

செக்கு எண்ணெய்க்காரர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. அதற்காக அவர்களைப் பாராட்டலாம், ஆனால் அவர்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. ஆட்டிய எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளியவிடுவார்கள். ஈரம் போகும், கசடு அடியில் தங்கும் என்பார்கள். மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் 1970-களில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்: கடலை எண்ணெயில் உள்ள அஃப்ளாடாக்சினை வெயில் சிதைக்கிறது. வெயிலின் சூடல்ல; வெளிச்சம். அடுப்பால் ஆகாததை ஒளி செய்கிறது. கண்ணாடிப் பாத்திரத்தில் மெல்லிய படலமாக இருந்தால் ஒளி ஊடுருவும். எவர்சில்வர் டிரம்மில் நிரப்பி வாயில் துணி கட்டி வைத்தால் மேல்பரப்பைத் தவிர வேறெங்கும் ஒளி போகாது. சூடு மட்டும்தான் ஏறும். அளவுக்கு மேல் வெயில் பட்டால் எண்ணெய் சிக்கு வாடை பிடிக்கும் என்ற சங்கடமும் இருக்கிறது. அதே நிறுவனம் புண்ணாக்கு மாவிலும் வெயிலைச் சோதித்தது. அங்கே கிடைத்தது அரைகுறைப் பலன்தான், ஒளி மாவுக்குள் இறங்காது அல்லவா? ஆக, கடலையை வெயிலில் மறுபடி காயப்போட்டால் நஞ்சு போய்விடும் என்பதும் பலிக்காது. வெயிலில் காயவைப்பது பூஞ்சை வராமல் தடுக்க. வந்துபோனதற்குப் பரிகாரம் அல்ல.

எண்ணெயில் வந்தது சிறு பங்கு என்றேன். பெரிய பங்கு எங்கே? புண்ணாக்கில். அஃப்ளாடாக்சினுக்கு எண்ணெயோடு அவ்வளவு ஒட்டுறவு இல்லை, சக்கையிலேயே தங்கிவிடும். செக்கடியில் சாக்கில் கட்டி விற்கும் அந்தப் புண்ணாக்கு நேராகக் கறவை மாட்டின் தொட்டிக்குப் போகிறது.

மாட்டின் ஈரல் பி1-ஐ எம்1 என்ற வேறொரு வடிவமாக மாற்றிப் பாலில் இறக்கிவிடுகிறது. தின்றதில் நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு. அதிகம் கறக்கும் மாட்டில் ஆறு பங்கு வரைகூட. குறைவுதானே என்று தோன்றும். ஒரு கணக்குக்கு, கிலோவில் 500 மைக்ரோகிராம் நஞ்சுள்ள புண்ணாக்கு இரண்டு கிலோ தின்று பத்து லிட்டர் கறக்கும் மாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். தின்றது 1000 மைக்ரோகிராம். நூற்றுக்கு ஒன்று என்றாலே பாலில் 10 மைக்ரோகிராம், லிட்டருக்கு ஒன்று. நம் நாட்டு வரம்பு லிட்டருக்கு 0.5. ஐரோப்பாவின் வரம்பு 0.05.

இந்தப் பாலைக் காய்ச்சினால் போய்விடுமா? பாஸ்ச்சரைஸ் செய்வது 72 டிகிரியில் 15 நொடி. எம்1 அதைப் பொருட்படுத்துவதே இல்லை. மூன்று முறை பொங்கவிட்டாலும் அப்படித்தான். பவுடராக்கினால் தண்ணீர்தான் போகும். எம்1 செறிந்து நிற்கும். பனீர் செய்தால் இன்னும் மோசம்; எம்1 பாலின் கேசின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணம் உடையது, ஆகவே திரண்ட பாலில் அதன் அளவு கூடுகிறது. ‘பக்குவம் செய்தால் குறையும்’ என்ற பழமொழிக்கு நேர் எதிராக, பக்குவம் செய்யச் செய்ய ஏறுகிறது.

இது ஏட்டுக் கணக்கல்ல. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்து, 2019 அக்டோபரில் முடிவை வெளியிட்டது. நூற்றுக்கு 5.7 மாதிரிகளில் எம்1 வரம்பை மீறியிருந்தது. மாநிலங்களில் முன்னால் நின்றது தமிழ்நாடு: 551 மாதிரிகளில் 88. அடுத்து தில்லி, கேரளம். இந்தக் குறை கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் அதிகமாகத் தென்பட்டது என்றும் அந்த அறிக்கை சொன்னது. பதப்படுத்தும் ஆலை நஞ்சைச் சேர்த்தது என்று இதற்குப் பொருளில்லை. நஞ்சு வரும் வழி தீவனம்தான் என்று ஆணையமே சொன்னது. ஆனால் ஆலையில் எல்லாம் கழுவப்படும் என்று நினைத்தவர்களின் வாதத்துக்கு அந்த ஒற்றை வரியே போதுமான பதில். அப்போது இரண்டு மூன்று நாள் தொலைக்காட்சியில் சத்தம் கேட்டது. பாலில் கலப்படமா என்று விவாதித்தார்கள். யாரும் எதையும் கலக்கவில்லை. பசு தின்றதைத்தான் கொடுத்தது.

இந்தப் பால் விவகாரத்தில் இன்னொரு தகவல் இருக்கிறது. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. நஞ்சுள்ள தீவனத்தை நிறுத்திவிட்டால் மூன்று நான்கு நாளில் பாலிலிருந்து எம்1 இறங்கிவிடுகிறது. கோடிக்கணக்கில் செலவு செய்த ஆலையால் முடியாததை ஒரு புண்ணாக்குச் சாக்கை மாற்றுவது செய்துவிடுகிறது. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். அங்கே மக்காச்சோள லாரி வந்தால் ஈரம் பார்க்கிறார்கள், ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புகிறார்கள், போதாததற்கு ‘டாக்சின் பைண்டர்’ என்று களிமண் வகைப் பொடியைத் தீவனத்தில் கலக்கிறார்கள். அந்தக் களிமண்ணும் நஞ்சை உடைப்பதில்லை. குடலில் பிடித்துவைத்து எச்சத்தோடு வெளியேற்றுகிறது. கோழிக்கு நோய் வந்தால் முட்டை குறையும், பணம் போகும்; அதனால் கோழிக்குக் கிடைத்த கவனம் அது. மனிதனுக்கு வருகிற ஈரல் நோய் யாருடைய கணக்குப் புத்தகத்திலும் நஷ்டமாக ஏறுவதில்லை.

எல்லாப் பூஞ்சை நஞ்சுகளும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அழுகிய ஆப்பிளில் வரும் பாட்டுலின் பழச்சாற்றைச் சூடாக்கினால் பெரிதாக அசையாது; அதே சாற்றை ஈஸ்ட் விட்டு நொதிக்கவைத்து சைடர் ஆக்கினால் கிட்டத்தட்ட மறைந்துவிடும். காப்பிக்கொட்டையில் வரும் ஆக்ராடாக்சின் வறுக்கும்போது கணிசமாகக் குறையும்; மிஞ்சியது டிகாக்‌ஷனில் இறங்கும். ஆக, ‘பூஞ்சை நஞ்சைப் போக்கும் வழி’ என்று பொதுவாக ஒரு வழி இருக்கவே முடியாது. சைடருக்குப் பலித்தது கடலைக்குப் பலிக்காது. தயிரில் இருக்கும் நல்ல பாக்டீரியா நஞ்சைத் தின்றுவிடும் என்று இப்போது வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. சில லாக்டிக் பாக்டீரியாக்கள் அஃப்ளாடாக்சினைத் தங்கள் செல்சுவரில் ஒட்டவைத்துக்கொள்வது மெய். ஒட்டியது கழன்றும் போகும்.

இப்போது கண்ணுக்கும் கைக்கும் வருகிறேன். மேற்கு ஆப்பிரிக்காவில் கினி நாட்டின் இருபது கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. 2005-ல் லான்செட் இதழில் வெளிவந்தது. பத்துக் கிராமங்களுக்கு ஆய்வாளர்கள் எந்த இயந்திரத்தையும் கொடுக்கவில்லை. கடலையைத் தரையில் போடாமல் பாயில் காயப்போடச் சொன்னார்கள். முழுதாகக் காய்ந்ததா என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். பூத்ததையும் சுருங்கியதையும் கையால் பொறுக்கிப் போடச் சொன்னார்கள். பிளாஸ்டிக் சாக்குக்குப் பதிலாகக் காற்றுப் போகும் நார்ச்சாக்கு, அடியில் மரப்பலகை, தரையில் பூச்சிமருந்து. அவ்வளவுதான். ஐந்து மாதம் கழித்து மக்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால், மற்றக் கிராமங்களோடு ஒப்பிட அஃப்ளாடாக்சின் தடயம் கிட்டத்தட்ட அறுபது சதவீதம் குறைவு. கடலையில் குறைந்ததாகக் காட்டுவதல்ல, ஆள் ரத்தத்தில் குறைந்தது. எந்த வறுகடலை ஆய்வும் இப்படி ஒரு முடிவைக் காட்டியதில்லை.

இதெல்லாம் நம் ஆட்களுக்குத் தெரியாததா? காயைக் காதோரம் குலுக்கிப் பார்த்து, உள்ளே பருப்பு சலசலத்தால்தான் காய்ந்தது என்று சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அது சரியான சோதனை. ஆனால் மண்டியில் எடைக்குத்தான் காசு. ஈரம் இருந்தால் எடை கூடும். உடைக்கும்போது பருப்பு நொறுங்காமல் இருக்கட்டும் என்று காய்மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் வேறு. எட்டு ஒன்பது சதவீத ஈரத்துக்குக் காயவைத்த கடலையை, விற்கும் நாளில் நாமே நனைத்துப் பூஞ்சைக்கு வெற்றிலைபாக்கு வைத்து அழைக்கிறோம். நன்றாகக் காயவைத்துப் பொறுக்கிக் கொண்டுவந்தவனுக்கும் நனைத்துக் கொண்டுவந்தவனுக்கும் ஒரே விலை என்றால் எவன் காயவைப்பான்? விவசாயியைத் திட்டுவது எளிது. அவனுக்கு அந்த நஞ்சைப் பற்றி யாரும் சொல்லவில்லை; சொன்னாலும் அதற்கு விலை வைக்கவில்லை.

விலை வைக்கும் இடம் ஒன்று இருக்கிறது: ஏற்றுமதி. ஐரோப்பாவுக்குப் போகும் நிலக்கடலை, ஏற்றுமதி வாரியமான அபெடாவின் நடைமுறைப்படி ஆய்வகத்தில் அஃப்ளாடாக்சின் சோதனை செய்து சான்றிதழோடுதான் கப்பல் ஏறுகிறது. நிறம் பார்த்துத் தள்ளும் இயந்திரங்கள், கைப்பொறுக்கு, மறுசோதனை எல்லாம் அந்தச் சரக்குக்கு உண்டு. தேறாத கடலையைக் கடலில் கொட்டிவிடுவதில்லை. ஐரோப்பியன் வாய்க்கு ஆய்வகம், நம் வாய்க்கு “நல்லா வறுத்துட்டா போயிடும்.” அந்த வாக்கியம் அறியாமை மட்டுமல்ல என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். அது பலருக்கு வசதி. பொறுப்பை வயலிலிருந்தும் மண்டியிலிருந்தும் ஆலையிலிருந்தும் எடுத்து, கடைசியில் வாணலி பிடிக்கும் பெண் தலையில் கட்டுகிறது.

“எங்க தாத்தா இதே கடலையத் தின்னுட்டு தொண்ணூறு வயசு இருந்தாரு” என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். இருந்திருக்கலாம். பஞ்சமகாலில் நடந்தது அளவுக்கு மீறிய நஞ்சு உடனே கொன்ற கதை. சிறு அளவில் நாள்தோறும் உள்ளே போவது இருபது முப்பது ஆண்டு கழித்து ஈரலில் புற்றாக வரும். ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவருக்கு அந்த ஆபத்து பல மடங்கு. அப்படிச் செத்தவர் எதனால் செத்தார் என்று ஊரில் யாரும் கடலையைக் கேட்டதில்லை, சாராயத்தைக் கேட்டார்கள். சீனாவின் சிடோங் பகுதியில் ஈரல் புற்று உலகிலேயே மிக அதிகமாக இருந்த காலம் உண்டு. மக்கள் மக்காச்சோளத்திலிருந்து அரிசிக்கு மாறிய பிறகு அது பெருமளவு இறங்கியது. அங்கே யாரும் சோளத்தை இன்னும் நன்றாக வேகவைக்கக் கற்றுக்கொண்டதால் வந்த மாற்றம் அல்ல அது.

கடலை தின்பதை விடச்சொல்லவில்லை. ஏழைக்குக் கிடைக்கும் நல்ல புரதம் அது. வாங்கியதைத் தட்டில் கொட்டி, சுருங்கியது, நிறம் மாறியது, பூத்தது, தொலி கிழிந்தது என நாலையும் எடுத்துவிட்டு வறுங்கள். எடுத்ததை மாட்டுத் தொட்டியில் போடாதீர்கள். அது பாலாகத் திரும்பி வரும். மிளகாயைப் பொடியாக வாங்கினால் எது எப்படி இருந்தது என்று தெரியாது, வற்றலாக வாங்குங்கள். செக்குக் கடையில் எண்ணெயைப் பார்க்கும் முன் கடலை மூட்டையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

ஆனால் வீட்டுப் பொறுக்கல் பாலுக்கு உதவாது. கலப்புத் தீவனத்தில் பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரம்பு வைத்திருக்கிறது. செக்கடியில் சாக்கில் கட்டி விற்கும் புண்ணாக்கை யாரும் அந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்பதில்லை. சில நிமிடங்களில் முடிவு சொல்லும் பட்டைச் சோதனைகள் வந்துவிட்டன. ஐதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் குறைந்த செலவில் செய்யும் முறைகளை ஆண்டுகளுக்கு முன்பே உருவாக்கிக் கொடுத்திருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்களும் தனியார் பால் நிறுவனங்களும் கொழுப்பு பார்த்து விலை போடும் கருவியைக் கிராமம் கிராமமாக வைத்திருக்கின்றன. அதே மேசையில் வாரம் ஒருமுறை எம்1 பார்த்து, வரம்பு தாண்டிய ஊரில் எந்தப் புண்ணாக்கு போகிறது என்று தேடிப் போனால், அடுத்த வாரம் பால் தேறியிருக்கும். செலவு யார் தலையில் என்று கேட்பார்கள். பாக்கெட் பாலின் விலையில் ஏற்கெனவே சுத்தத்துக்கென்று ஒரு காசு வாங்குகிறார்களே, அதிலிருந்து எடுக்கட்டும்.